நீக்கப்பட்ட மூன்று வரி

பெங்களூரில் தனக்கு என்ன வேலை என்பதை யசோதாவால் கோலார் தங்கவயலின் மாரிகுப்பத்தில் யாருக்கும் புரியவைக்க முடிந்ததில்லை. கம்ப்யூட்டர் வேலை என்று சொன்னால் மற்றவர்கள் அதோடு விட்டுவிடுவார்கள். அவளுடைய அப்பா தம்மபாலன் மட்டும் விடமாட்டார்.

"கம்ப்யூட்டர்ல இன்னாதான் பண்றே நீ?"

"அதுக்கு இன்னா சொன்னா அது இன்னா செய்யும்னு புக்கு எழுதறேன் நைனா."

"செஞ்சவன் எழுதமாட்டானா?"

"செஞ்சவரு அமெரிக்கா பூட்டாரு."

தம்மபாலனுக்குச் சிரிப்பு வந்தால் கூடவே இருமலும் வரும். அதனால் சிரிக்காமல் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டார். இருபத்தாறு வருஷம் தங்கச் சுரங்கத்துக்குள் வேலை பார்த்தவர் அவர். அதில் பதினெட்டு வருஷம் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் கூண்டை நகர்த்தச் சொல்லி மணி அடித்தார். நெஞ்சு கெட்டுப்போனபின் தொண்ணூற்றிரண்டில் வேலையை விட்டார். மனைவி அதற்கு இரண்டு வருஷம் கழித்துப் போய்ச் சேர்ந்தாள். லைன் வீட்டில் மிஞ்சியது அவரும் மகளும், சுவரில் ஒரு புத்தர் படமும்தான்.

யசோதா பௌதிகத்தில் பட்டம் வாங்கியவள். இருபத்தேழு வயது. விடியுமுன் மாரிகுப்பத்திலிருந்து கிளம்பும் ரயிலில் தினமும் போய்வந்தாள். கடைசி ஸ்டேஷன்காரர்களுக்கு உள்ள ஒரே சலுகை ஜன்னலோரம் இடம் கிடைப்பது. பங்காருபேட்டையில் கூட்டம் முண்டிக்கொண்டு ஏறும்போது அவள் ஏற்கனவே அரைத் தூக்கத்தில் இருப்பாள். போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். தங்கவயலில் பாதிப்பேருக்கு அதுதான் வாழ்க்கை என்பதால் இதை ஒரு கஷ்டமாக யாரும் சொல்லிக்கொள்வதில்லை.

கம்பெனி சிறியது. ஒரு மருந்துக்கடையின் மாடியில் பன்னிரண்டு பேர். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்காக அங்கே ஒரு கருவியைச் செய்துகொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் டிஸ்க்கை, ஒரு கூடத்தைத் தடுத்து அறைகளாக்குவதுபோலப் பல பகுதிகளாகப் பிரித்துக்கொடுக்கும் கருவி. அதற்குப் படமோ பொத்தானோ கிடையாது. கறுப்புத் திரையில் கருவியின் பெயரை அடித்து, ஒரு சிறு கோடு போட்டு, ஓர் எழுத்தை அடிக்கவேண்டும். அந்த எழுத்துதான் கட்டளை. மைனஸ் எல் என்றால் இப்போது எத்தனை பகுதி என்று பட்டியல் காட்டும். மைனஸ் எஸ் என்றால் பகுதியின் அளவு. அப்படி இருபத்துமூன்று எழுத்துகள். எழுதியவர் ஒரு குறிப்புகூட வைக்காமல் விமானம் ஏறிவிட்டார். ஒவ்வோர் எழுத்தும் என்ன செய்யும் என்று கண்டுபிடித்து, ஆங்கிலத்தில் தெளிவாக எழுதிக்கொடுப்பது யசோதாவின் வேலை.

கண்டுபிடிக்க ஒரே வழிதான் இருந்தது. மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் வைத்திருந்தார்கள். போனால் போகட்டும் என்ற டிஸ்க் அதில். ஒவ்வோர் எழுத்தாக அடித்து, நடப்பதைப் பார்த்து, நோட்டில் எழுதி, டிஸ்க்கைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, அடுத்த எழுத்துக்குப் போவாள். இரண்டு எழுத்துகளைச் சேர்த்து அடித்தால் என்ன, மூன்றைச் சேர்த்தால் என்ன என்றும் பார்ப்பாள். தொண்ணூற்றொன்பதாம் வருஷம் ஆகஸ்டில் தொடங்கி நவம்பர் வரை அவள் செய்தது இதுதான். அவளுக்கு அது பிடித்திருந்தது. 'செய்யலாம்' என்று எழுதவேண்டிய இடத்தில் 'செய்யும்' என்று எழுதிவிட்டால் வீட்டுக்குப் போகும் ரயிலில் நினைவு வந்து மறுநாள் காலை முதல் வேலையாகத் திருத்துவாள். பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரீகள் சொல்லிக்கொடுத்த ஆங்கிலம் இப்படி ஒரு வேலைக்கு உதவும் என்று அவளே நினைத்ததில்லை.

அந்தக் கருவியில் அவளுக்குப் பயம் தந்த விஷயம் ஒன்றுதான். அது எதையும் திருப்பிக் கேட்காது. 'நிச்சயமாகவா?' என்று ஒரு வார்த்தை கிடையாது. சொன்னதும் டிஸ்க்கைப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் துடைத்துப் புதிதாக்கிவிடும். ஒரே நாளில் நூற்றுக்கணக்கான கம்ப்யூட்டர்களைத் தயார் செய்யும் தொழிற்சாலைகளுக்காகச் செய்தது, ஒவ்வொன்றுக்கும் ஆள் நின்று பதில் சொல்ல முடியாது என்றார்கள். அதற்கு ஈடாக வைத்ததுதான் மைனஸ் என். அதைச் சேர்த்தால் என்ன செய்யப்போகிறது என்பதைத் திரையில் காட்டும், டிஸ்க்கைத் தொடாது. பார்த்துவிட்டுத் திருப்தியானால் அந்த எழுத்தை எடுத்துவிட்டு நிஜமாக ஓட்டலாம்.

நவம்பர் கடைசியில் ஒருநாள் கை தவறி எழுத்தை இடம் மாற்றி அடித்தாள். முதலில் டிஸ்க்கின் பெயர், அதற்குப் பின்னால் மைனஸ் என். திரையில் வழக்கம்போலவே வரிகள் ஓடின. முடிந்தபின் பார்த்தால் டிஸ்க் காலியாக இருந்தது.

தான்தான் வேறு ஏதோ செய்துவிட்டோம் என்று நினைத்து டிஸ்க்கை மறுபடி நிரப்பினாள். திரும்ப அடித்தாள். திரும்பவும் காலி. நான்கு தடவை பார்த்தாள். டிஸ்க்கின் பெயருக்கு முன்னால் மைனஸ் என் வந்தால் கருவி அதைப் படிக்கிறது. பின்னால் வந்தால் அது அங்கே இருப்பதே அதற்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றும் சொல்வதில்லை.

நேத்ராவிடம் போனாள். நேத்ராதான் அந்த வேலைக்கு மேலாளர். கோலாரைச் சேர்ந்தவள், யசோதாவைவிட நான்கு வயது பெரியவள், எப்போதும் மேஜையில் ஆறிப்போன காபி வைத்திருப்பவள். மூலைக் கம்ப்யூட்டருக்கு வந்து நின்றபடியே பார்த்தாள்.

"இது பக்," என்றாள் ஆங்கிலத்தில். கருவியிலேயே கோளாறு என்று அர்த்தம்.

"சரி பண்ணுவாங்களா?"

"யார் சரி பண்றது? எழுதினவன் இல்ல. அனுப்ப பதினோரு நாள்தான் இருக்கு." கொஞ்சம் யோசித்தாள். "நீ புக்ல எச்சரிக்கை போட்டுடு. தடித்த எழுத்துல."

யசோதா மூன்று வரி எழுதினாள். மைனஸ் என் கட்டாயம் டிஸ்க்கின் பெயருக்கு முன்னால் வரவேண்டும். பின்னால் வந்தால் கருவி அதைப் பொருட்படுத்தாது. டிஸ்க்கில் உள்ள அனைத்தும் அழியும். எழுதி முடித்துவிட்டு வாய்விட்டுப் படித்துப் பார்த்தாள். அந்தப் புத்தகத்திலேயே தான் எழுதிய சிறந்த மூன்று வரி அதுதான் என்று அவளுக்குத் தோன்றியது.

ஐந்தாம் நாள் நேத்ரா கூப்பிட்டாள். அனுப்பிய பக்கங்களைப் பார்த்துவிட்டு வெளிநாட்டுக் கம்பெனி பதில் எழுதியிருந்தது. கருவியில் கோளாறு இருப்பதாகப் புத்தகமே சொன்னால் யார் வாங்குவார்கள், அடுத்த பதிப்பில் சரியாகிவிடும், இப்போதைக்கு அந்த வரிகளை எடுத்துவிடுங்கள் என்று.

"அதுவரைக்கும் யாராவது அடிச்சா?" என்று கேட்டாள் யசோதா.

"எல்லா உதாரணத்துலயும் முன்னாடிதானே போட்டிருக்கோம்? அதைப் பார்த்து அடிப்பாங்க." நேத்ரா அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. "சரி பண்றோம்னு எழுதிக் குடுத்திருக்காங்க. நானும் சண்டை போட்டுப் பார்த்துட்டேன் யசோதா."

யசோதா தன் இடத்துக்குத் திரும்பி வந்து, அந்த மூன்று வரியையும் தேர்ந்தெடுத்து அழித்தாள். வேறு யாரும் அழிக்கவில்லை. அவள் கைதான். இதைப் பிற்பாடு அவள் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தாள்.

பிப்ரவரியில் புத்தகம் அச்சாகி வந்தது. அறுபத்துநான்கு பக்கம், நீல அட்டை, பின்னட்டையின் உறையில் கருவி அடங்கிய ஒரு சிடி. அவள் பெயர் எங்கும் இல்லை. நேத்ரா இரண்டு பிரதிகளை எடுத்து அவள் கையில் வைத்து, "வீட்டுல காட்டு," என்றாள்.

ஒன்றை அப்பாவிடம் கொடுத்தாள். அவர் ஆங்கிலம் வாசிக்கமாட்டார். ஆனாலும் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்து, புத்தர் படத்துக்குக் கீழே வைத்தார். இன்னொன்றைச் சாம்ராஜுக்குக் கொண்டுபோனாள்.

சாம்ராஜ் அவளோடு கல்லூரியில் படித்தவன். ராபர்ட்சன்பேட்டையில் இரண்டு கம்ப்யூட்டர் வைத்துப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்தான். அவர்களுக்குள் ஏதாவது இருந்ததா என்று கேட்டால் இரண்டுபேரும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் யசோதா அங்கே போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பாள்.

சாம்ராஜ் ஓசியில் செய்துவந்த வேலை ஒன்று இருந்தது. சுரங்கத்தை எப்போது வேண்டுமானாலும் மூடிவிடுவார்கள் என்ற பேச்சு பலமாக இருந்த நேரம் அது. மூடினால் ஆஸ்பத்திரியும் மருந்தும் நின்றுபோகும். உள்ளே வேலை பார்த்து நெஞ்சு கெட்டவர்களுக்குத் தொடர்ந்து வைத்தியம் வேண்டும் என்று கேட்க, பழைய தொழிலாளர்கள் சங்கம் ஒன்று வைத்திருந்தார்கள். அதன் செயலாளர் தாமோதரன், சுரங்கத்தில் மரம் முட்டுக்கொடுக்கும் வேலை செய்தவர். இரண்டு வருஷமாக மாரிகுப்பம், சாம்பியன், ஊரிகம் என்று வீடு வீடாக ஏறி இறங்கி, எந்த வருஷம் சேர்ந்தார், எந்த ஆழத்து லெவலில் எத்தனை வருஷம் இருந்தார், எப்போது மூச்சு வாங்க ஆரம்பித்தது என்று ஒவ்வொருவரையும் கேட்டு எழுதி வந்தார். சாம்ராஜ் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினான். ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு பேர். தம்மபாலனின் வரிசை எண் எழுநூற்றுச் சொச்சம். சங்கத்து அறை ஒழுகும், கறையான் வேறு. எழுதிய தாள்கள் கட்டுக்கட்டாக மக்கிப்போனபோது யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. எல்லாம்தான் மெஷினில் ஏறிவிட்டதே என்றார்கள்.

சாம்ராஜ் புத்தகத்தை வாங்கி, "இதுல நீ எழுதினது எந்தப் பக்கம்?" என்றான்.

"எல்லாம்."

"எல்லாமா!" அவன் நிஜமாகவே அசந்துபோனான். நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, வகுப்பில் படிப்பதுபோல உரக்கப் படித்தான். "மைனஸ் என். என்ன நடக்கும் என்பதைக் காட்டும். டிஸ்க்கில் எதையும் எழுதாது." நிமிர்ந்தான். "இது நல்லாக்கீதே. பயமில்லாம பார்க்கலாம்."

அப்போது யசோதா சொல்லியிருக்கவேண்டும். வாய்வரை வந்தது. ஆனால் முதல்முதலாக அச்சில் வந்ததை ஒருவன் இப்படி மகிழ்ந்து படிக்கும்போது, அதில் ஒரு குறை இருக்கிறது, அதை நானே மறைத்தேன் என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. சிடியின்மேல் பதிப்பு ஒன்று புள்ளி ஒன்று என்று போட்டிருந்தது. அவள் சோதித்தது ஒன்று புள்ளி பூஜ்யம். அப்படியானால் சரிசெய்துவிட்டிருப்பார்கள். திங்கட்கிழமை ஆபீசில் ஒரு தடவை அடித்துப் பார்த்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள். திங்கட்கிழமை அவளை வேறொரு கருவிக்கு மாற்றினார்கள். மூலைக் கம்ப்யூட்டரையும் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். பிறகு அது நினைவிலிருந்தே நழுவிப்போனது.

ஆகஸ்டு மாதம் ஒரு புதன்கிழமை, பதினொரு மணி இருக்கும், ஆபீஸ் போனில் அவளைக் கூப்பிட்டார்கள். ராபர்ட்சன்பேட்டை எஸ்டிடி பூத்திலிருந்து சாம்ராஜ்.

"யசோ, மைனஸ் என் போட்டா டிஸ்க்ல எழுதாதுன்னுதானே போட்டுகீது?"

"எங்க போட்டே?"

"இன்னா எங்க?"

"டிஸ்க் பேருக்கு முன்னாடி போட்டியா, பின்னாடி போட்டியா?"

மறுமுனையில் தெருவில் ஆட்டோ ஒன்று ஹாரன் அடிப்பது கேட்டது.

"பின்னாடி," என்றான். "பின்னாடி போடக்கூடாதுன்னு எங்கியும் இல்லியே யசோ. ரெண்டு தபா படிச்சேன்."

வைத்தியம் கேட்டு முன்பு அனுப்பிய மனுவை இந்தமுறை பட்டியலோடு கன்னடத்தில் கொடுக்கவேண்டும் என்று தாமோதரன் சொல்லியிருந்தார். அதற்குரிய எழுத்து மென்பொருளைப் போட டிஸ்க்கில் தனியாக ஓர் இடம் ஒதுக்கலாமா என்று சாம்ராஜ் பார்க்க நினைத்தான். பிரிக்கவில்லை, பிரித்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க மட்டும்தான். புத்தகத்தைப் பக்கத்தில் திறந்துவைத்துக்கொண்டுதான் அடித்திருக்கிறான். சங்கத்துப் பட்டியல் இருந்ததும் அதே டிஸ்க்கில்தான்.

யசோதா அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஓடினாள். சாம்ராஜ் இன்னொரு பிரதி எடுத்துத்தான் வைத்திருந்தான். ஒரு ஃப்ளாப்பியில் அடங்காத பட்டியலைச் சுருக்கி, பதினோரு ஃப்ளாப்பிகளில் தொடர்ச்சியாகப் பதிந்திருந்தான். நான்காவது ஃப்ளாப்பியை மெஷின் படிக்கவில்லை. ஒன்று போனால் மற்ற பத்தும் திறக்காது. அதைத் துடைத்தான், வேறு மெஷினில் போட்டான், ஊதினான், கடைசியில் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தான். "நல்ல கம்பெனி ஃப்ளாப்பிதான் வாங்கினேன்," என்று இரண்டு தடவை சொன்னான்.

டிஸ்க்கைக் கழற்றித் துணியில் சுற்றி, யசோதா அதை மடியில் வைத்துக்கொண்டு பெங்களூர் போனாள். எஸ்.பி. ரோட்டில் ஒரு சந்துக்குள், அழிந்ததை மீட்டுத் தருகிறவர் ஒருவர் இருந்தார். பத்து நாள் வைத்திருந்தார். கிடைத்ததை ஒரு கட்டு காகிதத்தில் அச்செடுத்துக் கொடுத்தார். யசோதா அங்கேயே கடை வாசலில் நின்றபடி புரட்டினாள். பெயர்கள் இருந்தன, வருஷங்கள் இல்லை. வருஷங்கள் இருந்த பக்கத்தில் பெயர்கள் இல்லை. 'மூச்சு வாங்குது மாடி ஏற' என்று ஒரு வரி, அதற்கு மேலும் கீழும் புரியாத குறிகள். யாருக்கு மூச்சு வாங்குகிறது என்று தெரியவில்லை. தன் அப்பாவைத் தேடினாள். 'பாலன்' என்று முடியும் பெயர்கள் மூன்று இருந்தன. முன்பாதி எதிலும் இல்லை.

"தேங்க்ஸ் சொல்லணும் மேடம், இவ்வளவாச்சும் வந்ததுக்கு," என்றார் கடைக்காரர். அவள் தேங்க்ஸ் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். சாம்ராஜ் தன்னால் நடந்தது என்று எழுந்து சொல்லிவிட்டு உட்கார்ந்தான். யசோதா எழுந்து, அது அவனால் இல்லை என்றாள். எழுத்து, டிஸ்க்கின் பெயர், முன்னால், பின்னால், மூன்று வரி, அதைத் தான் அழித்தது, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். நாற்பதுபேர் இருந்திருப்பார்கள். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தாள். ஒருவரும் திட்டவில்லை. அவள் சொன்னது அவர்களுக்குப் பிடிபடவே இல்லை. படித்த பெண் ஏதோ குற்றத்தைத் தன் தலைமேல் போட்டுக்கொண்டு அழுகிறது என்று மட்டும் புரிந்தது.

"வுடு மா. மெஷின்தானே. மெஷின்னா கெட்டுப்பூடும்," என்றார் தாமோதரன்.

பின்னால் உட்கார்ந்திருந்த சம்பங்கி அப்போதுதான் வாய் திறந்தாள். அவள் புருஷன் ராஜப்பா மே மாதம் இறந்திருந்தார்.

"எங்க வூட்டுக்காரர் சொன்னதும் பூட்சா?"

நாலைந்துபேர் திரும்பி அவளைப் பார்த்தார்கள்.

"இல்ல, அவரு மூச்சு புடிச்சிகினு சொன்னாரு. ஒரு நாள்ல முடியல. ரெண்டு நாள் வந்து எழுதிகினு போனாங்க. எந்த லெவலு, யாரு மேஸ்திரி, எல்லாம் சொன்னாரு. எனக்கு அதெல்லாம் தெரியாது. என்னாண்ட சொன்னதில்ல." தாமோதரனைப் பார்த்தாள். "அதான் கேட்டேன். அதுவுமா பூட்சுன்னு."

"அதுவும்தான் அத்தே," என்றாள் யசோதா.

சம்பங்கி தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனாள். பட்டியலில் இருந்தவர்களில் நூற்று நாற்பதுக்கும் மேல் அதற்குள் இறந்திருந்தார்கள்.

வீட்டில் தம்மபாலன் சாப்பிடாமல் காத்திருந்தார். அவருக்கு ஒரு விஷயம் மட்டும் விளங்கவில்லை.

"தப்பான எடத்துல சொன்னா, அதுக்குப் புரியல. செரி. புரியலன்னா அது சும்மா நிக்கணுமா இல்லியா?"

"நிக்கணும் நைனா."

"நாங்க மணி தப்பா அடிச்சிட்டா மேல இஞ்சின் டிரைவரு கேஜை நவுத்தவே மாட்டான். நாலு அடிக்கணும், எவனோ நாலரை அடிச்சமாதிரி கேட்டுச்சுன்னு வெய்யி, அப்படியே நிறுத்திடுவான். மறுபடி அடிக்கறவரைக்கும் தொடமாட்டான். உள்ள ஆளுங்க நிக்கறாங்களே." சோற்றைப் பிசைந்தார். "இதைப் பண்ணவனுக்கு அது தெரியாதா?"

யசோதா அவருக்குத் தண்ணீர் எடுத்து வைத்தாள்.

ஆபீசில் நேத்ரா கதவைச் சாத்திக்கொண்டு முழுவதையும் கேட்டாள். கேட்டு முடித்ததும் பழைய கடிதங்களைத் தேடி எடுத்தாள். அடுத்த பதிப்பில் சரியாகும் என்று எழுதிக்கொடுத்தது இருந்தது. அதற்குப்பின் மார்ச்சில் அவர்கள் அனுப்பிய கோளாறுகளின் பட்டியலில் இதற்கு நேராக, 'வடிவமைத்தபடியே இயங்குகிறது' என்று போட்டு முடித்திருந்தார்கள். ஒன்று புள்ளி ஒன்றில் மாறியது சிடியின் உறை மட்டும்தான்.

"நான் இதை உன்கிட்ட காட்டியிருக்கணும்," என்றாள் நேத்ரா. "நானே பார்க்கல."

"இப்ப எழுதலாமா அவங்களுக்கு?"

"எழுதறேன்." எழுதவும் செய்தாள். பதிலாக வந்தது, கருவியோடு சேர்த்துத் தரும் உரிம ஒப்பந்தத்தின் ஒரு பத்தி. எந்த இழப்புக்கும் பொறுப்பில்லை என்று. அதோடு, இரண்டாம் பதிப்புக்கு நான்கு புதிய எழுத்துகள் சேர்ந்திருப்பதால் புத்தகத்தைப் புதுப்பித்துத் தரும்படி ஒரு வேலையும் வந்தது.

யசோதா வேலையை விட்டுவிடலாம் என்று இரண்டு வாரம் யோசித்தாள். தம்மபாலனுக்கு மாதத்துக்கு மூன்று விதமான மருந்து. சுரங்கத்து ஆஸ்பத்திரியில் அதில் ஒன்றுதான் கிடைத்தது. விடவில்லை. நான்கு எழுத்துகளையும் எழுதினாள். மூன்று வரி எச்சரிக்கையை மறுபடி சேர்த்தாள். இந்தமுறை அதை எடுக்கச் சொன்னபோது முடியாது என்றாள். நேத்ரா அவளை வற்புறுத்தவில்லை. தானே எடுத்துவிட்டு, "எடுத்துட்டேன்," என்று வந்து சொன்னாள். அதற்குப்பின் இருவரும் சேர்ந்து காபி குடிக்கப் போவது நின்றுபோனது.

பட்டியலை மறுபடி முதலிலிருந்து எடுப்பது என்று தாமோதரன் முடிவுசெய்தார். மனுவை விசாரிக்க அரசாங்கத்திலிருந்து ஒரு குழு டிசம்பரில் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஞாயிறுதோறும் யசோதாவும் அவரோடு போனாள். அவர் கேட்பார், இவள் எழுதுவாள். கார்பன் வைத்து இரண்டு பிரதி. கம்ப்யூட்டர் வேண்டாம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் யாரும் அதன் பேச்சை எடுக்கவில்லை. முதல் தடவை விவரம் கேட்டபோது இருந்த ஆர்வம் ஜனங்களுக்கு இப்போது இல்லை. "அன்னிக்கே சொன்னோமே, இன்னும் இன்னா சொல்றது?" என்றார்கள். சிலருக்கு ஞாபகம் தவறிப்போயிருந்தது. பூட்டிய வீடுகள் நிறைய. பக்கத்து வீட்டில் கேட்டால் பெங்களூருக்கு மகனோடு போய்விட்டார், ஓசூருக்குப் போய்விட்டார் என்பார்கள். ஊரிகத்தில் ஒருவர் மூச்சுக்கு மூச்சு நிறுத்திப் பதில் சொல்லிக்கொண்டே வந்தவர், பாதியில் கையை உயர்த்திப் போதும் என்று காட்டிவிட்டார். அவர்கள் காத்திருந்தார்கள். பிறகு எழுதியவரைக்கும் மடித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள்.

டிசம்பர் வரை அறுநூற்றுப் பதினொரு பேர் சேர்ந்தார்கள்.

சாம்ராஜ் ஒரு ஞாயிறுகூட வரவில்லை. யசோதா அவனைத் தேடிப் போனாள். வகுப்பு நடத்திய அறையில் கம்ப்யூட்டர்களை அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தான்.

"ஓசூர்ல ஒரு கடையில ஆள் கேட்டாங்க," என்றான்.

"நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும் சாம்."

"ஆமா," என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கயிற்றை இழுத்து முடிபோட்டான். "நானும் நீ எழுதினதாச்சேன்னு நம்பினேன். வேற யாருன்னா எழுதியிருந்தா ஒரு தபா காலி டிஸ்க்ல அடிச்சிப் பார்த்திருப்பேன்."

அவள் அதன்பிறகு அவனைப் பார்க்கவில்லை.

குழு டிசம்பரில் வரவில்லை, ஜனவரியில் வந்தது. மூன்றுபேர், ஒரு கார். பட்டியலை வாங்கிப் புரட்டினார்கள். முன்பு அனுப்பிய மனுவில் ஆயிரத்து எண்ணூற்றுக்கும் மேல் என்று இருக்கிறதே, இதில் அறுநூறுதானே இருக்கிறது, எது சரி என்று கேட்டார்கள். தாமோதரன் விளக்க ஆரம்பித்து, நடுவில் நிறுத்தி, யசோதாவைப் பார்த்தார். அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். அவர்களில் ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, முழுப் பட்டியலோடு மறுபடி விண்ணப்பிக்கச் சொன்னார். பிப்ரவரி கடைசியில் சுரங்கத்தை மூடினார்கள்.

அந்த வருஷம் அக்டோபரில் தம்மபாலன் போய்விட்டார். யசோதா ஆபீசில் இருந்தாள். செய்தி வந்து, ரயில் பிடித்து, வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் பக்கத்து வீட்டார் கண்ணை மூடிவிட்டிருந்தார்கள்.

காரியங்கள் முடிந்த பத்தாம் நாள் தாமோதரன் வந்தார். கையில் ஒரு நீள உறை. பெங்களூரிலிருந்து பதிவுத்தபாலில் வந்தது, ஆங்கிலத்தில் இருக்கிறது, படித்துச் சொல் என்றார். யசோதா பிரித்தாள். இருந்த பெயர்களோடு சங்கம் மறுபடி விண்ணப்பித்தபோது வைத்த பட்டியலையே திருப்பி அனுப்பியிருந்தார்கள். மேலே ஒரு தாள். சுரங்க நிறுவனம் மூடப்பட்டுவிட்ட நிலையில் இந்த விண்ணப்பத்தைப் பரிசீலிக்க வழியில்லை என்று நான்கு வரி. அவள் அதை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள்.

"அப்பால?" என்றார் தாமோதரன்.

"அவ்ளோதான் மாமா."

அவர் பட்டியலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். நனையாமல் இருக்கட்டும், நீயே வைத்துக்கொள் என்று திரும்பக் கொடுத்தார். தண்ணீர் குடித்தார். மெதுவாக எழுந்து, சாம்பியன் பக்கம் ஒரு சாவு இருக்கிறது, போகவேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். யசோதா மறுநாள் ரயிலுக்குப் போனாள்.